விராலையும் வெண்ணெயையும் அளந்து வையுங்கள்

திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத்திலும் வேதியியல், விலங்கியல், சுற்றுச்சூழல் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஆள் இல்லை. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து, காவிரித் தண்ணீரைக் குடித்து, அறிவியல் விஷயங்களைப் படித்துத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் ஆள். உங்களிடம் கேட்க ஒன்றே ஒன்று உண்டு. அதற்கு முன்னால் உங்களை வட துருவம் வரை அழைத்துப் போய்வர வேண்டியிருக்கிறது. வெயிலூர்க்காரர்களுக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது.

1980களின் பிற்பாதியில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் எரிக் தெவாய்யி என்ற பொதுநல மருத்துவ ஆய்வாளர் தாய்ப்பாலில் கலந்திருக்கும் நச்சுகளை அளந்துகொண்டிருந்தார். ஆலைகள் நிறைந்த தென்பகுதித் தாய்மாரின் பாலோடு ஒப்பிட்டுப் பார்க்க, மாசு தொடாத ஊர்ப் பால் அவருக்குத் தேவைப்பட்டது. வடகோடியில் நுனாவிக் என்ற பனிப்பிரதேசத்தில் வாழும் இனுயிட் பெண்களின் பாலை வரவழைத்தார். அங்கே ஆலை கிடையாது, வயல் கிடையாது, பூச்சிமருந்து அடிக்க ஒரு செடிகூடக் கிடையாது. ஆனால், மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்ட பிசிபி என்ற நச்சு, தெற்கத்தியப் பெண்களின் பாலில் இருந்ததைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு அந்தப் பாலில் இருந்தது.

காரணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த மடலை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வகை ரசாயனங்கள் நீரில் கரையா, கொழுப்பில் கரையும். எளிதில் சிதையவும் மாட்டா. வெப்ப நாட்டில் ஆவியாகிக் காற்றில் ஏறும், குளிர்ந்த இடத்தில் படியும், வெயில் பட்டால் மீண்டும் ஏறும். இப்படித் தாவித் தாவிப் போய், இனி ஏற முடியாத குளிரில் தங்கிவிடும். அங்கே பாசியிலிருந்து மிதவை உயிரிக்கும், அதிலிருந்து காட் மீனுக்கும், மீனிலிருந்து சீலுக்கும் போகும். குளிரைத் தாங்கக் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் உயிர்கள் அவை. ஒவ்வொரு படியிலும் நச்சு செறிந்துகொண்டே போகிறது. சீலையும் திமிங்கலத்தையும் தின்று வாழும் மனிதர் அந்த ஏணியின் உச்சியில் இருக்கிறார். அவருக்கும் மேலே இருப்பது அவர் பாலைக் குடிக்கும் குழந்தை. தென் துருவமும் தப்பவில்லை. அண்டார்க்டிகாவின் அடேலி பென்குவின்களின் உடலில் டி.டி.டி. இருப்பதை 1966லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் கண்டத்தில் ஒரு கொசுவை ஒழிக்கக்கூட யாரும் மருந்து தெளித்ததில்லை.

சரி, அந்த நச்சு எங்கிருந்து புறப்பட்டது? பிசிபி பெரும்பாலும் பணக்கார நாடுகளின் ஆலைகளிலிருந்து போனது. இன்னொரு சரக்கு நம் பக்கத்திலிருந்து போனது. பி.எச்.சி. தூள் என்றும் கெமாக்சின் என்றும் நெல்வயல்களில் ஒரு தலைமுறை அள்ளித் தூவிய ஹெக்சாகுளோரோ சைக்ளோஹெக்சேன் (ஹெச்.சி.ஹெச்.) என்ற பூச்சிமருந்துதான் அது. விலை மலிவு, கூட்டுறவுக் கடையில் கிடைக்கும், கையால் தூவிவிடலாம். அந்தக் கலவையில் பூச்சியைக் கொல்வது காமா என்ற ஒரே வடிவம், பத்துப் பதினைந்து சதவீதம் மட்டுமே. மீதியெல்லாம் பயனில்லாமல் கூடவே வந்த உறவினர்கள். அவற்றில் ஆல்ஃபா காற்றேறிப் பயணம் போவதில் கெட்டி. பீட்டா உடம்பில் உட்கார்ந்துவிட்டால் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகும்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குச் சற்று வடக்கே, வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஏ.என். சுப்பிரமணியன், ஏ. ரமேஷ் முதலியோரும், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தின் ஷின்சுகே தனபே, ரியோ தத்சுகாவா முதலியோரும் 1980களின் இறுதியில் கூடி வேலை செய்தார்கள். வயல் காற்று, வாய்க்கால் நீர், ஆற்று முகத்துச் சேறு எல்லாவற்றையும் அளந்து, வயலில் தூவும் ஹெச்.சி.ஹெச். எங்கே போகிறது என்று கணக்குப் போட்டார்கள். 1991இல் வந்த கட்டுரையின் முடிவு இது: தூவியதில் 99.6 சதவீதம் காற்றோடு போய்விட்டது. ஆற்று முகத்துக்கு வந்தது மீதி 0.4 சதவீதம், அதிலும் பெரும்பகுதி அங்கிருந்து ஆவியாகி, கடலைச் சேர்ந்தது 0.1 சதவீதம்தான். நம் வெயிலில் வயல் என்பது மருந்தைக் காற்றில் ஏற்றிவிடும் வாணலியாக இருந்திருக்கிறது.

துருவத்தை அடைந்த ஹெச்.சி.ஹெச். எல்லாம் தமிழ்நாட்டுச் சரக்கு என்று சொல்ல வரவில்லை. சீனா நம்மைவிட அதிகமாகத் தூவியது, சோவியத் நாடும் நிறையவே தூவியது. 1983இல் சீனா நிறுத்தியபோது ஆர்க்டிக் காற்றில் ஆல்ஃபா வடிவத்தின் அளவு மளமளவென்று குறைந்ததை அங்கே இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்க முடிந்தது ஏனென்றால், அளந்துகொண்டே இருந்தார்கள். என் மடல் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான்.

1991இல் எட்டு ஆர்க்டிக் நாடுகள் சேர்ந்து ஆர்க்டிக் கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டுத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கின. காற்று, மீன், சீல், பனிக்கரடி, கருவுற்ற பெண்ணின் ரத்தம் என்று ஏணியின் எல்லாப் படிகளையும், அதே இடங்களில், அதே முறையில், திரும்பத் திரும்ப அளப்பது அதன் வேலை. மனித உடல்நலத்துக்கென்றே தனி அறிக்கைகள் சில ஆண்டுக்கு ஒருமுறை வருகின்றன. நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டில், நி-ஒலெசுண் என்ற சிற்றூருக்கு மேலே செப்பலின் மலையில் இருக்கும் நிலையம் காற்றிலிருக்கும் நச்சுகளை 1990களின் தொடக்கத்திலிருந்து அளந்துவருகிறது. மலைக்குக் கீழே அதே ஊரில்தான் 2008இல் திறந்த நம் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் இருக்கிறது. நம் வயலிலிருந்து போன காற்றை நாமே போய்ப் பார்க்கும் தூரத்தில் நிற்கிறோம், விசித்திரம்தான்.

இனுயிட் மக்கள் வெறுமனே ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. அந்த எண்களை எடுத்துக்கொண்டு உலக மேடைக்குப் போனார்கள். இனுயிட் பேரவையின் தலைவர்களில் ஒருவரான ஷீலா வாட்-குளூட்டியே, தாயும் சேயுமாகக் கல்லில் செதுக்கிய ஓர் இனுயிட் சிற்பத்தைப் பேச்சுவார்த்தை மேசைக்கே கொண்டுபோய் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவரிடம் கொடுத்தார். 2001 மே மாதம் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆர்க்டிக் பகுதியும் அதன் பழங்குடி மக்களும் தனி ஆபத்தில் இருப்பதை அதன் முன்னுரையே சொல்கிறது. 2006 ஜனவரியில் இந்தியா அதை ஏற்றுறுதி செய்தது. ஹெச்.சி.ஹெச். கலவையை நாம் 1997லேயே தடைசெய்துவிட்டோம். ஒப்பந்தம் அதைப் பட்டியலில் சேர்த்தது 2009இல்தான். அந்தத் தாய்மாரின் ரத்தத்தில் எடுத்த எண்கள் இத்தனை நாடுகளைக் கையெழுத்துப் போட வைத்தன என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. அந்த எண்கள் இல்லாமல் நடந்திருக்காது என்று சொன்னால் உண்மை.

அளப்பதால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் இரண்டு சான்றுகள் சொல்லிவிட்டு நம்மூருக்கு வருகிறேன்.

அட்லாண்டிக் வடக்கில் ஃபாரோ தீவுகள் இருக்கின்றன. பைலட் திமிங்கலத்தைக் கூட்டமாக வேட்டையாடி ஊரே பங்கு போட்டுக்கொள்வது நூற்றாண்டுகளின் வழக்கம். அங்கே பால் வெய்ஹெ என்ற உள்ளூர் மருத்துவரும் பிலிப் கிராஞ்சான் என்ற ஆய்வாளரும் 1986-87இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்தே தொடர்ந்தார்கள். கருவிலேயே அதிகப் பாதரசம் ஏறிய குழந்தைகளுக்கு ஏழு வயதில் கவனம், மொழி, நினைவாற்றல் ஆகியவற்றில் பின்னடைவு தெரிந்தது. 1998இல் பெண்களுக்குத் தனி அறிவுரை வந்தது. 2008இல், திமிங்கலக் கறி மனிதர் உண்ணத் தக்கதல்ல என்று தங்கள் சொந்த மக்களிடமே அவர்கள் சொன்னார்கள். வழக்கத்தை விடச் சொல்ல வெளியாள் வந்திருந்தால் அடித்துத் துரத்தியிருப்பார்கள். கூடவே வளர்ந்த அளவுகள் சொன்னபோது ஊர் யோசித்தது.

இரண்டாவது, ஸ்வீடனில் நடந்தது. ஸ்டாக்ஹோமில் தாய்ப்பால் மையம் ஒன்று 1970களிலிருந்து பாலை உறையவைத்துச் சேமித்து வந்தது. டெலிவிஷன் பெட்டி, சோபா பஞ்சு போன்றவற்றில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பிபிடிஇ என்ற பொருளைப் பற்றிச் சேமித்த நாளில் யாருக்கும் கவலை இல்லை. 1990களின் இறுதியில் கொய்து நோரென், டைவா மெய்ரோனிதே என்ற இருவர் பழைய புட்டிகளை எடுத்து அளந்தார்கள். 1972 முதல் 1997 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்தப் பொருள் இரட்டித்துக்கொண்டே வந்திருந்தது. பின்னால் எதற்கெல்லாம் பயன்படும் என்று தெரியாமலே பாலைப் பத்திரப்படுத்தியதால் கிடைத்த விடை.

இப்போது நம்மூர்.

நம்மிடம் அளவே இல்லை என்று சொன்னால் அது உங்களுக்கு இழைக்கும் அநியாயம். தென்னிந்தியத் தாய்ப்பாலை முன்சொன்ன எஹிமே-பரங்கிப்பேட்டைக் குழு 1990லேயே ஆராய்ந்திருக்கிறது. வளர்ந்த நாடுகளில் பிசிபி மிகுதி, இங்கே பிசிபி குறைவு, ஹெச்.சி.ஹெச்.சும் டி.டி.டி.யும் மிகுதி என்று தெரிந்தது. உங்கள் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பாபு ராஜேந்திரன் ராமசாமி குழு காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் சோப்பில் வரும் டிரைகுளோசானையும், வலிப்பு மாத்திரையான கார்பமாசபினையும், பாராபென்களையும் தேடிக் கண்டுபிடித்து 2011இல் வெளியிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் லிஜி பிலிப் தலைமையிலான குழு இரண்டு ஆண்டு காவிரி நெடுக மாதிரி எடுத்து 2021இல் சொன்னது: இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ரத்த அழுத்த மாத்திரைகள், காஃபின், தீத்தடுப்பான்கள், பூச்சிக்கொல்லிகள், ஆர்சனிக், குரோமியம், ஈயம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்று நீரைத் தவறாமல் சோதிக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, கோலிஃபார்ம் கணக்கு. வேளாண்துறையின் திட்டமொன்று சந்தைக் காய்கறியிலும் பாலிலும் பூச்சிமருந்து எச்சத்தைப் பார்க்கிறது. அது வரம்பை மீறியதா இல்லையா என்று பார்த்து அத்தோடு முடிகிறது.

இவை எல்லாம் நல்ல வேலைகள். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளி. முனைவர் பட்டம் முடிந்ததும் மாதிரிகள் குளிர்பெட்டியிலிருந்து குப்பைக்குப் போகின்றன. அடுத்த மாணவர் வேறு மீன், வேறு இடம், வேறு கரைப்பான், வேறு கருவி என்று புதிதாகத் தொடங்குகிறார். புதுமை இல்லையென்றால் கட்டுரை அச்சேறாது என்ற நெருக்கடி அவருக்கு. அதனால் 'காவிரி விராலில் பத்து வருஷத்தில் பாதரசம் ஏறியதா, இறங்கியதா?' என்று காசிவிளங்கி மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டும் ஒருவர் கேட்டால் உங்களில் யாராலும் பதில் சொல்ல முடியாது. நுனாவிக்கில் சீல் அறுக்கும் ஒருவர் கேட்டால் அந்த ஊர் ஆய்வாளர் வரைபடம் காட்டுவார். தடைசெய்த பழைய நச்சுகள் அங்கே தாய்மாரின் ரத்தத்தில் குறைந்துகொண்டு வருகின்றன. அதேநேரம் ஒட்டாச் சட்டியிலும் மழைக்கோட்டிலும் பயன்படும் ஃபுளோரின் ரசாயனங்களில் சில ஏறுகின்றன. இரண்டையும் அவர்கள் கோடாகப் பார்க்கிறார்கள்.

கண்காணிப்புக்குத் திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பேன். ஊர்ப்பற்றில் சொல்லவில்லை, நில அமைப்பைப் பாருங்கள். பவானி, திருப்பூர்ச் சாயக்கழிவின் கதையைச் சுமந்துவரும் நொய்யல், கரூரைத் தொட்டுவரும் அமராவதி மூன்றும் முக்கொம்புக்கு மேலேயே காவிரியில் கலந்துவிடுகின்றன. மேட்டூர் ஆலைகளும் ஈரோடும் பள்ளிபாளையமும் மேலேதான். அதற்குக் கீழே சொல்லிக்கொள்ளும்படி பெரிய துணையாறு கிடையாது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து, நடுவே எங்கள் ஸ்ரீரங்கம் தீவை விட்டு, கல்லணைக்குப் போய் டெல்டாவாக விரிகிறது. மேலே நடந்ததெல்லாம் ஒரே கழுத்து வழியாக இறங்கும் இடத்தில் உங்கள் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. கம்பரசம்பேட்டையில் உறிஞ்சும் தண்ணீரைத்தான் நகரமும் குடிக்கிறது.

இங்கே ஸ்ரீரங்கத்து வீடுகளுக்காக ஓர் இடைச்செருகல். 'நாங்கள் மீன் தின்பதில்லை, இந்த ஏணியில் கீழ்ப்படியில் இருக்கிறோம்' என்று சைவ வீட்டுக்காரர்கள் நினைக்கலாம். நானும் அந்த வீட்டுக்காரன்தான். கொழுப்பில் கரையும் நச்சுக்குச் சைவம் அசைவம் தெரியாது. வைக்கோலிலும் தவிட்டிலும் ஒட்டியது மாட்டின் உடலுக்குப் போகிறது, அங்கிருந்து பாலுக்கு, பாலிலிருந்து வெண்ணெய்க்கு, உருக்கினால் நெய்க்கு. 1990களின் தொடக்கத்தில் குருந்தாசலம் கண்ணன் முதலியோர் இந்திய உணவுகளை அளந்தபோது, ஹெச்.சி.ஹெச்., டி.டி.டி. போன்ற ஆர்கனோகுளோரின் நச்சுகள் நம் உடலுக்குள் வருவதில் பால் பொருள்களுக்கே பெரும்பங்கு என்று தெரிந்தது. சீல் கொழுப்புக்கு இனுயிட் எப்படியோ, அக்காரவடிசிலில் மிதக்கும் நெய்க்கு நாம் அப்படி. அப்போதைய அளவு அப்போதையது. தடைக்குப் பிறகு குறைந்திருக்க வேண்டும். எவ்வளவு குறைந்தது என்பதை நம்மூர் நெய்யில் யாராவது ஆண்டுதோறும் பார்த்திருந்தால் நிம்மதியாக ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொள்வேன்.

அரியமங்கலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல பத்தாண்டுகள் ஊர்க் குப்பையெல்லாம் அங்கே குவிந்து, கோடையில் அடிக்கடி தீப்பிடித்துப் புகைந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், முகர்ந்தும் இருப்பீர்கள். பிவிசி கலந்த குப்பை அரைகுறையாக எரிந்தால் டயாக்சின் என்ற நச்சு உண்டாகும். இப்போது மேட்டைத் தோண்டிப் பிரித்து அகற்றுகிறார்கள், நல்ல காரியம். ஆனால் எரிந்து முடிந்தது மண்ணில் இருக்கிறது. சென்னைப் பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுற்றி வாழும் பெண்களின் பாலில் டயாக்சின் கூடுதலாக இருப்பதை தத்சுயா குனிசுவே தலைமையிலான குழு 2004இல் வெளியிட்டது. குப்பையில் மேயும் மாடுகளின் பால் அதற்கொரு வழியாக இருக்கலாம் என்று அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. பெருங்குடியில் கேட்ட கேள்வியை அரியமங்கலத்தில் கேட்க இருபது வருஷம் போதவில்லையா? டயாக்சின் அளக்க இந்தியாவில் விரல்விட்டு எண்ணும் கூடங்களே உண்டு, ஒரு மாதிரிக்கு ஆகும் செலவும் பெரிது, தெரியும். பாலை இப்போது எடுத்து உறையவைக்க அவ்வளவு செலவில்லை. அளப்பதற்குப் பணம் பின்னால் வரட்டும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

நீங்கள் நாலைந்து துறைகள் கூடி உட்காருங்கள். ஒரே கல்லூரி எடுத்துச் செய்தால், அதைத் தொடங்கிய பேராசிரியர் ஓய்வு பெறும் நாளில் திட்டமும் ஓய்வு பெற்றுவிடும். அப்படி எத்தனை நல்ல காரியம் போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். முக்கொம்புக்கு மேலே ஓரிடம், நகரக் கழிவு கலந்தபின் காவிரியில் ஓரிடம், கொள்ளிடத்தில் ஓரிடம், கல்லணையில் ஓரிடம் என்று குறித்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள். மேட்டூர் திறக்கும் முன் ஆறு வற்றி மடுக்களில் மட்டும் நீர் நிற்கும் மே மாதத்தில் ஒருமுறை, வெள்ளம் வடிந்த தை மாதத்தில் ஒருமுறை மாதிரி எடுங்கள். ஏணியின் மேற்படிக்கு விரால். அதில் கொழுப்பு குறைவு என்பீர்கள். பாதரசத்துக்கு அது தடையில்லை, பாதரசம் தசையில் தங்குவது. கொழுப்பில் தங்குவனவற்றுக்குக் கெளுத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அளவைக் கொழுப்பு எடைக்குக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். ஒவ்வோராண்டும் ஏறத்தாழ ஒரே நீளமுள்ள மீனாகப் பாருங்கள். வயதான மீனில் பாதரசம் கூடும், அதை ஆற்றின் குற்றமாக எழுதிவிடக் கூடாது. கூடவே மூன்று நான்கு தொழுவங்களிலிருந்து வெண்ணெய்: அரியமங்கலம் பக்கம் ஒன்று, கொள்ளிடக் கரையில் ஒன்று, திருவெறும்பூர் வயல்களில் ஒன்று.

ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை அளக்காமல் உறையவையுங்கள். இதுதான் என் கோரிக்கையில் முக்கியமானது. அளப்பதைவிட முக்கியம் என்றே சொல்வேன். இன்று நமக்குப் பெயர் தெரியாத ஒரு பொருளை 2045இல் ஒரு மாணவி தேடுவாள். அவளுக்கு இந்த ஆண்டின் விரால் வேண்டும். கழுவிச் சுட்ட கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். ஃபுளோரின் ரசாயனங்களுக்கென்று எடுப்பதை டெஃப்லான் உறை தொடாமல் தனியே வையுங்கள். மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் உள்ள இரண்டு வெவ்வேறு வளாகங்களில் பாதிப்பாதி இருக்கட்டும். ஜெர்மனி 1985லிருந்து திரவ நைட்ரஜனில் இப்படி ஒரு மாதிரி வங்கி நடத்துகிறது. நமக்கு அத்தனை ஆடம்பரம் வேண்டாம், மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டியும், எது எங்கே இருக்கிறது என்று எழுதிவைத்த நோட்டும் போதும். நோட்டு மிக முக்கியம்.

தாய்ப்பாலைத் தொடுவதாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களையும் அறநெறிக் குழுவையும் சேர்த்துக்கொண்டு மட்டுமே தொடுங்கள். முதல் வரியிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எந்த அளவு வந்தாலும் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. ஆர்க்டிக்கில் பிசிபி அவ்வளவு மிகுதியாக இருந்தபோதும் அங்கே அதைத்தான் சொன்னார்கள். தாய்ப்பால் தரும் காப்பு அந்த நச்சின் கேட்டைவிடப் பெரிது. அவசரப்பட்ட ஒரு தலைப்புச் செய்தியால் ஒரு தாய் புட்டிப்பாலுக்குப் போனால், அளந்ததால் வந்த கேடு அது.

முடிவுகளைச் சொல்லும் விதத்திலும் நுனாவிக்கிடமிருந்து கற்க ஒன்று உண்டு. அங்கே உணவும் உடல்நலமும் பற்றி உள்ளூர் மக்களின் குழு ஒன்று இருக்கிறது. ஆய்வு தொடங்கும் முன்பே அதனிடம் பேச வேண்டும். முடிவை ஊருக்கு எப்படிச் சொல்வது என்பதிலும் அதற்குக் குரல் உண்டு. நம்மூரில் கட்டுரை ஆங்கிலத்தில் எங்கோ வெளியாகும், ஒருநாள் பத்திரிகையில் 'காவிரியில் விஷம்' என்று வரும், மறுநாள் மீன் விற்பவருக்குப் பாதி வியாபாரம் போகும், அதற்கு மறுநாள் எல்லாரும் மறந்துவிடுவார்கள். மீன் விற்பவர், பால்காரர், நீரேற்று நிலைய ஊழியர், விவசாயி, அங்கன்வாடிப் பணியாளர் என்று பத்துப் பேரை முதலிலேயே கூட்டி உட்காரவைத்தால், அவர்கள் கேட்கும் கேள்விகள் உங்கள் ஆய்வையும் திருத்தும். எந்த மடுவில் மீன் செத்து மிதந்தது, எந்தச் சந்தில் ராத்திரியில் கேபிள் எரிக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பணம் யார் தருவார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, கரைப்பான், நியம ரசாயனங்கள், கருவிப் பராமரிப்பு எல்லாம் விலை. ஆனால் பாதரசத்தில் தொடங்கினால் செலவு குறைவு. உங்களில் சிலரிடம் ஜிசி-எம்எஸ் கருவி ஏற்கெனவே இருக்கிறது, வருஷத்தில் பாதி நாள் சும்மா நிற்கிறது என்றும் உங்கள் மாணவர்கள் வழியாகக் கேள்விப்படுகிறேன். நாக்பூரில் இருக்கும் நீரி நிறுவனம்தான் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் மண்டல மையம். தரப்பரிசோதனைக்கு அவர்களைக் கேட்கலாம். ஒரே மாதிரியை இரண்டு கூடங்கள் அளந்து ஒத்துப்பார்ப்பதை முதல் ஆண்டே பழக்கமாக்கிவிடுங்கள். ஐந்து புள்ளிகள் சேரும்வரை பெரிய முடிவு எதையும் சொல்லாதீர்கள். அந்தப் பொறுமைக்கு மதிப்பெண் தராத பல்கலைக்கழக விதிகள் இருக்கின்றன. அவற்றை மாற்றச் சொல்லிக் கேட்கவேண்டியதும் நீங்கள்தான், நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம்.

டெல்டாவிலிருந்து புறப்பட்ட தூளின் கணக்கை உலகத்தின் உச்சியில் வைத்திருக்கிறார்கள். புறப்பட்ட இடத்தில் கணக்கு இல்லை. வருகிற மே மாதம் முக்கொம்பில் முதல் விராலை வாங்குங்கள். மீனுக்கான காசை எங்களைப் போன்றவர்களிடம் வசூலித்துக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கிடைத்த எண்களை ஆண்டுக்கொருமுறை, ஒரே ஒரு பக்கத்தில், தமிழில், கம்பரசம்பேட்டை நீரேற்று நிலைய வாசலிலும் மீன் மார்க்கெட்டிலும் அம்மா மண்டபப் படித்துறையிலும் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கத்திலிருந்து உங்கள் வாசகர்களில் ஒருவர்